குண்டு மழையில் நனையாத இடம்

கல்யாண விருந்துகளில் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காரும் அத்தைமார்கள் கேட்கும் கேள்விகளில் மூன்றாவது, "எங்கம்மா வேலை?" என்பது. முதல் இரண்டு கேள்விகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான், விட்டுவிடுவோம். "ஆயர் கெரோவுல ஒரு கம்பெனி அத்தை, குவாலிட்டி டிபார்ட்மெண்ட்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். ஒருமுறை சாப்பாடு வரத் தாமதமானது. நேரம் இருந்ததால் விளக்கமாகவே சொன்னேன்: "இரும்புச் சாமான் மேல சின்னச் சின்ன இரும்புக் குண்டா வேகமா அடிப்போம் அத்தை. சரியா அடிச்சிருக்கான்னு நான் பார்க்கணும்." அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். "துரு எடுக்கவா?" என்றார்.

துரு எடுக்க இல்லை. ஆனால் அத்தையைக் குறை சொல்ல முடியாது. பொறியியல் படித்தவர்களே அப்படித்தான் நினைக்கிறார்கள். மூடிய பெட்டி, உள்ளே நாசில், காற்றின் இரைச்சல், தூசி. வெளியிலிருந்து பார்த்தால் பழைய கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் முன் மணல் அடித்துச் சுத்தம் செய்வதும் இதுவும் ஒன்றுபோலத்தான் தெரியும். அங்கே மேல்தோலை உரித்தெடுக்கிறார்கள். நாங்கள் எதையும் எடுப்பதில்லை. சுத்தமான, புதிய, அளவெல்லாம் சரியாக இருக்கும் பொருளை எடுத்து வேண்டுமென்றே அடிக்கிறோம். இதற்கு ஷாட் பீனிங் என்று பெயர். ஏன் அடிக்க வேண்டும் என்பதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எங்கள் வீட்டு அலமாரியின் மேல் அதற்கான சாட்சி ஒன்று இருந்தது.

அப்பா லாரி டிரைவர். மலாக்காவிலிருந்து கிள்ளான் துறைமுகம், சில நாள் பாசிர் கூடாங். நான் ஐந்தாம் படிவம் படித்த ஆண்டு, ஓர் இரவு அவர் வீடு திரும்ப விடிந்துவிட்டது. சிரம்பானைத் தாண்டி வரும்போது பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கில் முதல் தகடு முறிந்து, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுத்திருக்கிறது. அன்று பாரம் குறைவு. சாலை ஓரத்தில் இடமும் இருந்தது. முறிந்த துண்டை ஒர்க்‌ஷாப்பில் கேட்டு வாங்கி, கிரீஸ் தடவி, பழைய பேப்பரில் சுற்றி அலமாரியின் மேல் வைத்துவிட்டார். அம்மா எத்தனையோ முறை தூக்கி எறியப் பார்த்தார். அப்பா விடவில்லை. காரணமும் சொல்லவில்லை.

மெர்லிமாவ் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படித்தபோது உலோகச் சோர்வு என்ற பாடம் வந்தது. அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்ததும் நாற்காலி போட்டு ஏறி அந்தத் துண்டை இறக்கினேன். கிரீஸைத் துடைத்துப் பார்த்தேன். முறிந்த முகத்தில் இரண்டு பகுதிகள் தெளிவாகத் தெரிந்தன. ஒரு பாதி கரடுமுரடாக, உடைத்த கற்கண்டு மாதிரி. மறுபாதி வழவழப்பாக, கொஞ்சம் கறுத்து, அதில் அரைவட்ட அரைவட்டமாக மெல்லிய கோடுகள். கிளேபாங் கடற்கரையில் நீர் வடியும்போது மணலில் விட்டுப்போகும் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படியே இருந்தன. ஆங்கிலத்திலும் இதற்குக் கடற்கரைக் கோடுகள் என்றுதான் பெயர். எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியைச் சுற்றி விரிந்திருந்தன. அந்தப் புள்ளி தகட்டின் மேல்பரப்பில் இருந்த, நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு சின்னக் குழி.

அதாவது அந்தத் தகடு அன்றிரவு முறியவில்லை. அன்றிரவு முடிந்தது, அவ்வளவுதான். லாரி ஒவ்வொரு குழியில் இறங்கி ஏறும்போதும் தகட்டின் மேல்பரப்பு இழுபடும், விடுபடும். ஒருமுறை இழுத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் இழுக்கும்போது மேலே ஒரு முடிக்கோடு அளவு விரிசல் திறக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு இழுப்புக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. ஸ்பிரிங் வழக்கம்போல் வேலை செய்யும், மீதியிருக்கும் இரும்பு பாரத்தைத் தாங்காத நாள் வரைக்கும்.

உலகம் இதை நன்றாகப் புரிந்துகொள்ளக் காரணமான விபத்துகளில் ஒன்று நம் பக்கத்திலிருந்து புறப்பட்ட பயணம். 1954 ஜனவரி 10 அன்று, சிங்கப்பூரிலிருந்து லண்டன் போகும் வழியில் ரோமிலிருந்து மேலெழும்பிய பிஓஏசி நிறுவனத்தின் காமெட் ஜெட் விமானம், சற்று நேரத்தில் எல்பா தீவுக்கு அருகே கடலில் சிதறி விழுந்தது. உள்ளே இருந்த 35 பேரும் இறந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் இன்னொரு காமெட் இத்தாலிக் கடலில் விழுந்தது. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு காமெட் விமானத்தின் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, பறக்கும்போது ஏறி இறங்கும் உள்ளழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். சுமார் 3,000 பயணங்களுக்குச் சமமான கணக்கில் அது கிழிந்தது. கடலில் விழுந்த விமானமோ சுமார் 1,300 பயணங்கள்தான் முடித்திருந்தது. அங்கே தீர்வு ஷாட் பீனிங் இல்லை. ஜன்னலின் வடிவத்தையும் தகட்டின் கனத்தையும் மாற்றினார்கள். ஆனால் நன்றாக இருப்பதுபோல் தெரியும் உலோகம் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறது என்பதை அதற்குப் பிறகு யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

விரிசல் பெரும்பாலும் மேல்பரப்பில்தான் பிறக்கிறது. இழுபடும்போதுதான் திறக்கிறது. அப்படியானால் மேல்பரப்பை முன்கூட்டியே நெருக்கி வைத்துவிட்டால்? இதுதான் ஷாட் பீனிங்கின் மொத்தச் சங்கதியும். ரவை அளவுள்ள உருக்குக் குண்டுகள் நெடுஞ்சாலைக் காரைவிட வேகமாக வந்து மோதுகின்றன. ஒவ்வொரு குண்டும் ஒரு சின்னக் குழியை உண்டாக்குகிறது. குழி விழுந்த இடத்தில் மேல்தோல் பக்கவாட்டில் விரியப் பார்க்கும். கீழே இருக்கும் இரும்பு விரிய விடாது. இந்த இழுபறியில் மேல்தோல் நிரந்தரமாக நெருக்கப்பட்ட நிலையில் நின்றுவிடுகிறது. கனம் என்று பார்த்தால் ஒரு மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்குதான். ஆனால் பாரம் வந்து இழுக்கும்போது முதலில் இந்த நெருக்கத்தைத் தீர்த்துவிட்டுத்தான் மேல்பரப்பை உண்மையாக இழுக்க முடியும். கடனைக் கட்டிய பிறகுதான் செலவுக்குப் பணம் என்கிற மாதிரி.

கார் ஸ்பிரிங், லாரி லீஃப் ஸ்பிரிங், கியர், விமானச் சக்கரத்தைத் தாங்கும் கால்கள், ஜெட் எஞ்சின் விசிறி இதழ்களின் அடிப்பகுதி என்று இந்த அடி வாங்காத முக்கியப் பொருள் குறைவு. பத்து பெரண்டாமில் எங்கள் வீட்டுக்கு மேலே, விமான நிலையத்தில் பயிற்சி எடுக்கும் மலேசியன் ஃப்ளையிங் அகாடமி மாணவர்கள் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்து இறங்கிப் பழகுவார்கள். துணி காயப்போடும்போது ஒவ்வொரு முறை சக்கரம் தரையைத் தொடுவதையும் நான் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். தொழில் வியாதி. (அதே பத்து பெரண்டாமில் இருக்கும் சிடிஆர்எம் நிறுவனம் ஏர்பஸ், போயிங் விமானங்களுக்குப் பாகம் செய்கிறது. உங்கள் வேலையும் அதுதானே என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. அவர்கள் செய்வது கார்பன் இழைப் பாகங்கள். அதன்மேல் குண்டடித்தால் கெட்டுப்போகும்.)

சரி, அடித்தாயிற்று. சரியாக அடித்தோமா என்று எப்படித் தெரியும்? என் சம்பளமே இந்தக் கேள்விக்குத்தான். இதில் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எவ்வளவு பலமாக அடித்தோம் என்பது ஒன்று. அதைத் தொழிலில் இன்டென்சிட்டி என்போம். எல்லா இடத்திலும் அடித்தோமா என்பது இன்னொன்று. அது கவரேஜ். தூறலையும் கனமழையையும் நினைத்துக்கொள்ளுங்கள். தூறல் அரை மணி நேரம் விடாமல் பெய்தால் முற்றம் முழுக்க நனைந்துவிடும். ஆனால் தூறல் எவ்வளவு நேரம் பெய்தாலும் மண்ணில் குழி பறிக்காது. கனமழையின் முதல் பத்துத் துளிகள் மண்ணில் குழி பறித்துவிடும். ஆனால் முற்றத்தில் முக்கால்வாசி இன்னும் காய்ந்தே கிடக்கும். 1927இல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஹெர்பர்ட் என்பவர் உருக்குக் குண்டுகளைக் கொட்டி உலோகத்தைக் கடினமாக்கும் முறையைக் கொண்டுவந்தபோது அதற்கு மேகவெடிப்பு என்றுதான் பெயர் வைத்தார். மழையை உதாரணம் சொல்லும் முதல் ஆள் நான் இல்லை.

இன்டென்சிட்டியை அளக்க அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த ஜான் ஆல்மென் 1940களில் கண்டுபிடித்த வழி இன்றும் மாறவில்லை. அவர் பெயரிலேயே ஆல்மென் ஸ்ட்ரிப் என்ற ஒரு சிறு உருக்குப் பட்டை. நீளம் 76 மில்லிமீட்டர், அகலம் 19. நாங்கள் அதிகம் பயன்படுத்தும் ஏ வகையின் கனம் 1.29 மில்லிமீட்டர். அதை ஒரு கட்டையின் மேல் நான்கு திருகாணிகளால் இறுக்கி, பொருள் இருக்கும் அதே இடத்தில் வைத்துக் குண்டடிக்க வேண்டும். திருகாணியைக் கழற்றியதும் பட்டை அடி வாங்கிய பக்கம் வில்லாக வளைந்து நிற்கும். ஒரு பக்கம் மட்டும் விரியப் பார்ப்பதால் வரும் வளைவு. அந்த வளைவின் உயரத்தைக் கேஜில் வைத்துப் படிக்கிறோம். எளிமையான யோசனை. முதன்முதலாகப் பார்த்தபோது, அடி எவ்வளவு பலம் என்பதை அடி வாங்கியவனையே சொல்ல வைத்திருக்கிறாரே என்று தோன்றியது.

ஆனால் ஒரு பட்டையின் உயரம் மட்டும் இன்டென்சிட்டி ஆகாது. இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். கூடுதல் நேரம் அடித்தாலும் பட்டை கூடுதலாக வளையும். அப்படியானால் வளைவு பலத்தைச் சொல்கிறதா, நேரத்தைச் சொல்கிறதா? அதற்காகக் குறைந்தது நான்கு பட்டைகளை வெவ்வேறு நேரத்துக்கு அடித்து, உயரங்களை ஒரு கோட்டில் வரைவோம். முதலில் கோடு சடசடவென்று ஏறும். பிறகு தளர்ந்து படுக்கப் பார்க்கும். எந்த இடத்திலிருந்து நேரத்தை இரட்டிப்பாக்கினாலும் உயரம் 10 விழுக்காடு மட்டுமே கூடுகிறதோ, அந்த இடத்தின் உயரம்தான் இன்டென்சிட்டி. காற்றழுத்தம், குண்டின் அளவு, நாசிலின் கோணம், தூரம் இவற்றில் ஒன்று மாறினாலும் அது மாறும்.

கவரேஜுக்கு இப்படி ஒரு பட்டை கிடையாது. பொருளைத்தான் பார்க்க வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பைக் கண்ணில் வைத்து, குழிகளுக்கு இடையில் பழைய பரப்பு எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா என்று தேட வேண்டும். இயந்திரத்தில் கடைந்த பழைய கோடுகள் ஒரு குண்டூசி முனை அளவுக்குத் தெரிந்தாலும் அங்கே மழை பெய்யவில்லை என்று அர்த்தம். அல்லது அடிப்பதற்கு முன்பே ஒளிரும் சாயம் ஒன்றைப் பூசிக் காயவிட்டு, அடித்த பிறகு இருட்டறையில் புற ஊதா விளக்கில் பார்க்கலாம். குண்டு பட்ட இடத்தில் சாயம் உதிர்ந்திருக்கும். படாத இடம் பச்சையாக மினுங்கும்.

இந்தக் கவரேஜ் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சுற்று அடித்ததில் பரப்பில் பாதி நிறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு சுற்றில் முழுவதும் நிறைந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நிறையாது. இரண்டாவது சுற்றில் வரும் குண்டுகளில் பாதி, ஏற்கெனவே அடி வாங்கிய இடத்திலேயே போய் விழும். மிச்சமிருந்த பாதியில் பாதிதான் நிறையும். ஆக 75 விழுக்காடு. மூன்றாவதில் 87.5. நான்காவதில் ஏறக்குறைய 94. ஐந்தாவதில் 97. ஆறாவதில்தான் 98ஐத் தாண்டும். முதல் பாதிக்கு ஒரு சுற்று, மறுபாதிக்கு ஐந்து சுற்று. நூறு என்பது கணக்குப்படி வரவே வராது. அதனால் 98 விழுக்காட்டை முழுக் கவரேஜ் என்று தரநிலையிலேயே எழுதிவிட்டார்கள். 98 வாங்கினால் 100 என்று எடுத்துக்கொள்ளும் இடம் உலகத்தில் ஒன்று உண்டு என்பதை எங்கள் வீட்டில் சொன்னபோது, பள்ளிக்கூடத்தில் அந்த இரண்டு மார்க் எங்கே போனது என்று கேட்டே பழகிய அம்மா நம்பவில்லை.

அப்படியென்றால் நிறைய நேரம் அடித்துவிட்டால் கவலையே இல்லையே என்று தோன்றலாம். சில வரைபடங்களில் 200 விழுக்காடு கவரேஜ் என்றுகூடக் கேட்டிருப்பார்கள். முழுக் கவரேஜுக்கு ஆன நேரத்தைப் போல இரண்டு மடங்கு என்பதே அதன் பொருள். ஆனால் அளவு மீறி அடித்தால் மேல்பரப்பு மடிந்து செதிலாகும். அந்த மடிப்புகளிலிருந்தே புது விரிசல் பிறக்கும். எதைத் தடுக்க வந்தோமோ அதையே நாமே நட்டுவிட்டுப் போவோம். குறைவாக அடித்த பொருளை மறுபடியும் அடித்துச் சரிசெய்யலாம். அதிகமாக அடித்ததைத் திருப்பி எடுக்க முடியாது.

போன தீபாவளிக்கு முந்திய வாரம் நடந்ததைச் சொன்னால் இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள தூரம் புரியும். லாரி கியர்பாக்ஸுக்குப் போகும் கியர்கள், 240. மாலை ஐந்து மணிக்கு லாரி வருகிறது. கியரில் விரிசல் பிறக்கும் இடம் பல்லின் நுனி இல்லை, பல்லின் வேர். இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள அந்த ஒடுங்கிய வளைவு. குண்டு நேராகப் போய் விழ முடியாத இடமும் அதுதான். அதனால் இடப்பக்கம் ஒரு நாசில், வலப்பக்கம் ஒரு நாசில் வைத்து, கியரைச் சுழற்றிக்கொண்டே அடிப்போம்.

மிஷினில் நிற்பவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். வயது என்னவோ அப்பா வயது. ஜாசின் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர். பதினெட்டு வருடமாக அதே மிஷின். மதியம் இரண்டு மணி வாக்கில் என் மேஜைக்கு வந்தார்.

"தங்கச்சி, இடது நாசில் சத்தம் மெலிஞ்சிருக்கு."

"மெலிஞ்சிருக்குன்னா?"

"காத்து வருது. குண்டு கம்மியா வருது. மழை ஓடுல விழற சத்தத்துக்கும் காத்து அடிக்கிற சத்தத்துக்கும் வித்தியாசம் இருக்குல்ல."

ஒரு ஆல்மென் பட்டையைப் போட்டு அடித்துப் பார்த்தோம். வாடிக்கையாளர் கேட்டது 0.30 முதல் 0.40 மில்லிமீட்டர். காலையில் 0.38 இருந்தது. இப்போது 0.35. வரம்புக்குள் நன்றாகவே இருந்தது. லைன் லீடர் வந்து பார்த்தார். மலாய்க்காரர், நல்ல மனிதர். அன்றைக்கு அவர் தலைமேல் மூன்று டெலிவரிகள். "ஸ்ட்ரிப் ஓகே. எதுக்கு நிறுத்தணும்?" என்று மலாயில் கேட்டார். கேள்வியில் தவறே இல்லை. காகிதத்தில் கட்டம் இருந்தது, கட்டத்தில் எண் இருந்தது, எண் வரம்புக்குள் இருந்தது.

அண்ணன் ஒன்றும் வாதாடவில்லை. பெட்டியில் அடுக்கியிருந்த கியர் ஒன்றை எடுத்து, லூப்பையும் சேர்த்து என்னிடம் நீட்டினார். "வேர்ல பாரு."

பார்த்தேன். பல்லின் முகமெல்லாம் அழகாக, ஆரஞ்சுத் தோல் போல. வேரின் இடப்பக்கத்தில் மட்டும் குழிகளுக்கு நடுவே பளபளப்பான தீவுகள். கடைந்த கோடுகள் அப்படியே இருந்தன. சந்தேகம் தீர, அடிக்காத கியர் ஒன்றில் சாயம் பூசி ஓட்டி இருட்டறைக்கு எடுத்துப்போனோம். லைன் லீடரும் வந்தார். ஒவ்வொரு வேரிலும் பச்சை நூல் இழுத்தது போல மினுங்கியது. அவர் பெருமூச்சு விட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பட்டை பொய் சொல்லவில்லை. அதனிடம் நாம் கேட்ட கேள்வி வேறு. நாசிலில் குண்டு பாதியாகக் குறைந்தால் வருகிற குண்டுகளின் வேகம் குறைந்துவிடாது. காற்றழுத்தம் அதேதான். ஒவ்வொரு அடியும் அதே பலம். அடிகளின் எண்ணிக்கைதான் பாதி. நாங்கள் பட்டைக்குக் கொடுக்கும் நேரம், கோடு படுத்துவிட்ட இடத்தைத் தாண்டியது. அங்கே எண்ணிக்கை பாதியானாலும் உயரம் பத்தில் ஒரு பங்குதான் இறங்கும். 0.38 போய் 0.35. கவரேஜ் அப்படி இல்லை. 98 விழுக்காடு வர வேண்டிய நேரத்தில் பாதிக் குண்டுகள் மட்டும் விழுந்தால் 86 விழுக்காடுதான் வரும். இன்னொன்றும் உண்டு. கியரின் மேல்பரப்பு வெப்பத்தால் கடினமாக்கப்பட்டது, பட்டையைவிட நிறையவே கெட்டி. அதே குண்டு பட்டையில் பெரிய குழி போடும், கியரில் சின்னக் குழிதான் போடும். சின்னக் குழியால் பரப்பை நிறைக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். பட்டை நிறைந்துவிட்டது என்பதால் கியர் நிறைந்துவிட்டது என்று ஆகாது.

குண்டு போகும் குழாயைக் கழற்றிப் பார்த்ததில், அடிக்கக்கூடாத இடங்களை மூடி வைக்கும் ரப்பர் மூடியிலிருந்து கிழிந்த ஒரு துண்டு, விரல் நுனி அளவு, வால்வின் வாயில் சிக்கியிருந்தது. எப்போது சிக்கியது என்று யாருக்கும் தெரியாது. பெட்டிகளை வரிசையாகத் திறந்து, பத்துக்கு ஒன்று என்று எடுத்து வேர்களைப் பார்த்துக்கொண்டே போனேன். ஏறக்குறைய தொண்ணூறாவது கியரில் தீவுகள் தொடங்கின. அதற்குப் பிந்திய 150 கியர்களையும் திரும்ப ஓட்ட வேண்டும். வலப்பக்கம் முழுசாக அடி வாங்கியாயிற்று, அதனால் வலது நாசிலை அடைத்துவிட்டு இடப்பக்கத்துக்கு மட்டும், பாதி நேரம். இதை எழுதி வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, அவர்கள் சரி என்று சொல்ல இரண்டு மணி நேரம் ஆனது. லாரி வாசலில் நின்றது. டிரைவர் நடுவில் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு ரொட்டி சானாயும் தே ஓவும் வாங்கிக் கொடுத்தோம். கடைசிப் பெட்டி ஏறும்போது மணி பத்தரை.

மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். அம்மா இளம் வயதில் பத்து பெரண்டாம் ப்ரீ ட்ரேட் ஸோனில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். மைக்ராஸ்கோப் வழியாக முடியைவிட மெல்லிய கம்பிகளைப் பார்த்துக்கொண்டே எட்டு எட்டு மணி நேரமாக வருடங்களை ஓட்டியவர். அந்தக் காலத்தில் தோட்டங்களிலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வந்த எத்தனையோ பெண்களின் வேலை அது. நான் இத்தனையும் விளக்கியதைக் கேட்டுவிட்டு அம்மா கேட்டது ஒன்றுதான்: "அந்தண்ணன் சொல்லலேன்னா நீ சாமானைப் பார்த்திருப்பியா, பேப்பரைப் பார்த்திருப்பியா?"

அன்றைய முறைப்படி பேப்பரைத்தான் பார்க்கச் சொல்லியிருந்தது. செட்டிங் செய்யும்போது ஒருமுறை கவரேஜை உறுதிப்படுத்திவிட்டு, பிறகு நேரத்தை நம்பி ஓட்டுவதுதான் வழக்கம். எல்லாம் மாறாமல் இருக்கும்வரை அந்த வழக்கத்தில் பிழையில்லை. தீபாவளி விடுமுறை முடிந்து வந்ததும் படிவத்தை மாற்றக் கேட்டு எழுதினேன். லைன் லீடர்தான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். குண்டு ஓட்டம் குறைந்தால் தானாகவே நிறுத்தும் சென்சாரும் கேட்டோம். மேலிடம் ஒப்புக்கொண்டுவிட்டது. இப்போது மூன்று மாதமாகக் கொட்டேஷன் நிலையில் இருக்கிறது.

இதற்கிடையில் ஆல்மென் எண்ணை எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வந்திருக்கிறது. மணிக்கு ஒரு கியர், பல்லின் வேர், பத்து மடங்கு லூப், பார்த்தவர் பெயர். அண்ணனுக்கு அடுத்த வருடம் அறுபது ஆகிறது. டுரியான் துங்காலிலிருந்து வரும் ஒரு பையனை அவருக்குக் கீழே விட்டிருக்கிறார்கள். லூப் பிடிக்க ஒரே நாளில் கற்றுக்கொண்டான். காதுதான் இன்னும் பழகவில்லை. போன வாரம் அண்ணன் மிஷினுக்கு முதுகைக் காட்டி அவனை நிற்க வைத்துவிட்டு, ஒரு நாசிலின் குண்டு வால்வை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தார். பையன் நெடுநேரம் நின்றான். பிறகு தயங்கித் தயங்கி, "வலதா அங்கிள்?" என்றான்.

"இடது," என்றார் அண்ணன். "திரும்பாத. இன்னொருக்கா கேளு."